எரியாத கட்சிக்காரரின் மகள்

1

மசோதா செத்துப்போன செய்தி வந்தபோது நான் ஒரு கேக்கின்மேல் நீல ஐசிங்கால் பணி ஓய்வு வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தேன். மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது. மகள் சுகன்யா ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். கமிட்டியோடு முடிந்துவிட்டது, சபைக்குப் போகாது என்று. கை ஆடியதில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் முளைத்தது. அந்த வாலைப் பூங்கொடியாக மாற்றிக் கேக்கைப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு குளிரறைக்குள் போய், வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஆசை தீர அழுதேன். பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் கண்ணீர்தான் முதலில் வந்தது.

வேலை முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் இலங்கையில், மலையகத்து அக்கரப்பத்தனையில் ஆட்டோ ஓட்டுகிறான். இங்கே சாயங்காலம், அங்கே காலை சவாரி தொடங்கும் நேரம்.

"செத்துப்போச்சுடா" என்றேன் எடுத்த எடுப்பில்.

"ஐயோ அக்கா, யாரு? மச்சானுக்கு என்ன?"

"உங்க மச்சான் சோபாவுல காலை நீட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு. செத்தது மசோதா."

"அதுக்கா இப்புடிக் கத்துன? நான் வண்டிய ஓரங்கட்டிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "அப்ப சுகிக்கு வேலை போகாதுல்ல?"

"போகாது."

"அது சொல்லு மொதல்ல."

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் நான் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். சுகன்யாவுக்கு வேலை போகவில்லை. இனிமேல் நிதானமாகச் சொல்லலாம்.

நான் இருப்பது அமெரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் பார்த்தாலும் சோளமாக இருக்கும் ஒரு மாநிலம். மலை கிடையாது. மலையகத்து டயகம தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு இந்தச் சமவெளியில் வந்து இறங்கிய புதிதில் எதன்மேலும் சாய்ந்து நிற்க முடியாததுபோல இருந்தது. இப்போது பழகிவிட்டது. ஒரு பெரிய அங்காடியின் பேக்கரிப் பகுதியில் கேக்குகளுக்கு அலங்காரம் செய்கிறேன். வீட்டுக்காரர் லாரிக் கம்பெனி ஒன்றில் இருந்தார், இப்போது முதுகுவலியோடு வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் சுகன்யா, பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள்.

அந்த மசோதா அரசுப் பள்ளிகளில் எந்தப் பார்வையைச் சொல்லித்தரலாம், எதைச் சொல்லித்தரக் கூடாது என்று பட்டியல் போட்டது. நாட்டின் பழைய கதையைக் குறை சொல்லும் பார்வை கூடாது. உழைக்கிறவனுக்கும் முதலாளிக்கும் பகை மூட்டும் பார்வை கூடாது. பிள்ளைகளை வெட்கப்பட வைக்கும் எதுவும் கூடாது. மீறுகிற ஆசிரியரின் உரிமத்தை ரத்து செய்யலாம். படிக்கும்போது நல்ல காரியம்போலத்தான் இருந்தது. யார் பகை மூட்டுகிறார், எது வெட்கம் என்று முடிவு செய்யப்போகிறவர் யார் என்று தேடினால், புகார் கொடுக்கிறவர் எவரோ அவர்தான்.

சுகன்யாவுக்கு எதிராகப் புகார் ஏற்கெனவே வந்திருந்தது.

2

அவள் செய்தது இவ்வளவுதான். பழைய காலத்து ரயில் வேலைநிறுத்தம் ஒன்றைப் பாடமாக எடுத்தாள். வகுப்பில் பாதிப்பேர் முதலாளி பக்கம், பாதிப்பேர் தொழிலாளி பக்கம் நின்று வாதாட வேண்டும். மறுநாள் பக்கம் மாற வேண்டும். நேற்று முதலாளிக்காகப் பேசியவன் இன்று தொழிலாளிக்காகப் பேசுவான். ஒரு மாணவன் வீட்டுக்குப் போய் அந்த உற்சாகத்திலேயே சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு வாதாடியிருக்கிறான். அப்பா புகார் எழுதிவிட்டார். சட்டம் எப்படி வருகிறது என்று தெரியும்வரை அந்தப் பாடத்தை நிறுத்திவைக்கும்படி தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிற பெண் சில வாரமாக வரவில்லை. வேலை அதிகம் என்பாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பிள்ளைகள் விலகிப்போவது இந்த நாட்டில் சத்தமில்லாமல் நடக்கும், கதவைச் சாத்திக்கொண்டு யாரும் போவதில்லை. நான் மனதுக்குள் புலம்பிக்கொண்டு, மீன் குழம்பைச் சின்னச் சின்ன டப்பாக்களில் உறையவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவளாகவே வந்தாள். குழம்பைச் சூடாக்கித் தட்டில் போட்டதும் சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் அழுகை வந்தால் மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"சட்டம் வந்துச்சுன்னா நான் விட்டுர்றேம்மா. பாதிக் கதைய மட்டும் சொல்லிக் குடுத்துட்டு சம்பளம் வாங்க என்னால முடியாது."

"விட்டுட்டு என்ன செய்வ?"

"தெரியல. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவர் சோபாவிலிருந்து, "ரெண்டு வருசம் வாய மூடிக்கிட்டு இரு, எல்லாம் மாறும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் அப்பாமார், தோட்டத்துத் தமிழர்களுக்கு இலங்கை குடியுரிமை மறுத்த காலத்தில், பாதி ஆயுள் எந்த நாட்டுப் பிரஜை என்றே தெரியாமல் வாழ்ந்தவர்கள். கையில் ஒரு கடவுச்சீட்டு கிடைத்தபிறகு அதை வைத்துக்கொண்டு சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பாலோடு ஊட்டிய புத்தி.

நான் அவளுடைய பாடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் மாறிப் பேசுகிறார்களாமே. இதை இவளுக்கு நான் சொன்னதில்லை. எங்கிருந்து பிடித்தாள்?

"இது காமன் லாவணிடி" என்றேன்.

"வாட்?" என்றாள்.

3

மாசி மாதம் எங்கள் தோட்டத்து டிவிஷனில் காமன் கூத்து நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் ஆகும், சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான், மூன்றாம் நாள் எழுவான். மலையகத்தில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கினால் சிரிப்பீர்கள். ஆனால் கூத்தோடு சேர்ந்த லாவணிப் போட்டி எல்லாத் தோட்டத்திலும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு கோஷ்டி. மன்மதன் எரிந்தான் என்று ஒருவர் பாட, எரியவில்லை என்று மற்றவர் மறுத்துப் பாட வேண்டும்.

எரிந்த கட்சிக்கு என் தாய்மாமா. எரியாத கட்சிக்கு என் அப்பா மாரிமுத்து. அந்த நாட்களில் இருவருக்கும் சோறு போடுகிற அம்மா பாடுதான் திண்டாட்டம்.

"எரியலன்னா ரதி எதுக்கு மச்சான் தலைய விரிச்சுப் போட்டு அழுதா?" என்று மாமா மடக்குவார்.

"எரிஞ்சவன் எப்புடிய்யா நம்ம லயத்து வீடுகள்ல வருசம் தவறாம தொட்டில் கட்டுறான்?" என்று அப்பா கேட்பார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கிளம்பும்.

ஒரு கட்டுப்பாடு இருந்தது. எதிராளி சொன்னதை முதலில் நீ பாடிக்காட்ட வேண்டும். அவனுக்கு வணக்கம் வைத்து, அவனுடைய நியாயத்தை அவனைவிட நன்றாகப் பாடிவிட்டு, அதற்குப் பிறகுதான் உன் பதில். அரைகுறையாகப் பாடினால் கூட்டம் கூச்சல் போடும். அதனால் எரியாத கட்சி அப்பாவுக்கு எரிந்த கட்சியின் பாட்டு முழுவதும் மனப்பாடம். மாமாவுக்கும் அப்படித்தான்.

ஒரு வருடம் வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்தார். சிவனுடைய கண்ணுக்கே சக்தியில்லை என்று பாடுவது சாமி குத்தம் என்றார். கோயில் கமிட்டித் தலைவர் பயந்துபோய், இனி எரிந்த கட்சி மட்டும்தான் பாடலாம் என்று பெரட்டுக்களத்தில் வைத்தே அறிவித்துவிட்டார். தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடத்தில் சொன்னால் அது சட்டம் மாதிரி. அப்பா தன் டேப் மேளத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

அந்த வருடம் மாமா தனியாக எழுந்து பாடினார். நல்ல குரல்தான். ரதி ஏன் அழுதாள் என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. மறுபடி கேட்டார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், பெண்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்கள். மாமா பாட்டை நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். ஜெயித்ததாக மாலை போட்டார்கள்.

அடுத்த மாசி வருவதற்கு முன்னால் கமிட்டிக்குப் போய்ச் சண்டை போட்டது அப்பா இல்லை, மாமா. "எம் மச்சான் வாயக் கட்டிப்புட்டு என்னைய ஜெயிச்சேங்கிறீங்க. இந்த ஜெயிப்பு எனக்கு வேணாங்க. எதிர்ல ஆள் இல்லாம நான் யாருக்குப் பாடுறது?" என்று கேட்டிருக்கிறார். தடை போனது. அப்பா அந்த வருடம் பாடினார், தோற்றார். அப்படிச் சந்தோஷமாகத் தோற்ற ஒரு மனிதரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் ஏம்மா எனக்கு இவ்வளவு நாள் சொல்லல?" என்றாள்.

நீ கேட்கவில்லையே என்பது வாய்வரை வந்தது. சோறு இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

4

மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அறிவித்திருந்தார்கள். நான் போகிறேன் என்றேன். வீட்டில் இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். அவருக்குப் பயம். அவளுக்கு என் ஆங்கிலத்தை நினைத்துக் கவலை, அதை வெளியே சொல்லவில்லை.

ஏன் போனேன் என்று கேட்டால், மகளுடைய வேலைக்காகத்தான். நாட்டைத் திருத்தப் போகவில்லை. ஆனால் அதற்கும் கீழே இன்னொன்று கிடந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகத்தில் தேயிலை இருந்தது. எந்த உயரத்தில் வளரும், எப்படி உலர்த்துவார்கள், எத்தனை நாடுகளுக்குப் போகிறது, எல்லாம் இருந்தது. கொழுந்து பறித்தவர்கள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மா கூடையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அம்மா இல்லாத அந்தப் பாடத்தை ஒப்பித்து நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் குறை இருப்பதாகக்கூட அப்போது தோன்றவில்லை. இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது?

சட்டசபைக் கட்டடத்தில் பெல்ட்டைக் கழற்று, பையைத் திற, பெயர் என்ன என்று மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு திரையில் பெயரையும் ஊரையும் தட்டி, ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எதிர்ப்பை அழுத்தினேன். எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது என்பது இந்த நாட்டு அலுவலகங்களுக்குப் புரியாது. வந்த முதல் வாரத்தில் எவரோ அப்பாவின் பெயரை என் கடைசிப் பெயராக்கி வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அதனால் என் முறை வந்ததும் ஒலிபெருக்கியில் "மாரிமுத்து" என்று கூப்பிட்டார்கள். உச்சரிப்பு உதைத்தது. ஆனாலும் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் அப்பாவை மரியாதையாக அழைப்பதைக் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

5

மைக்குக்கு முன்னால் நின்றேன். எதிரே வளைவாக உறுப்பினர்கள். பின்வரிசையில் சுகன்யா. வாதாடுவதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே முறை. எதிராளிக்கு வணக்கம் வைத்தேன்.

இந்த மசோதாவைக் கொண்டுவந்தவர்களின் பயம் எனக்குத் தெரியும் என்று தொடங்கினேன். என் மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போது தேயிலைத் தோட்டத்து ஏழைகள் என்று ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "நீங்க இவ்வளவு அழுக்கா இருந்தீங்களா அம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நாம் பெற்ற பிள்ளையை, நம் வீட்டைப் பார்த்தே வெட்கப்படும்படி இன்னொருவர் ஆக்கிவிடுவாரோ என்று பயப்படாத தாய் தகப்பன் உண்டா? நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காரும் அப்பாவிடம், உன் தாத்தா செய்தது அநியாயம் என்று மகன் சொன்னால் அந்த மனிதர் எப்படித் தூங்குவார்? பிள்ளைகள் ஏற்கெனவே கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் சேர்ந்து இழுக்க வேண்டுமா?

முன்வரிசையில் ஓர் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றாகத்தான் பாடுகிறோம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

மணி அடித்துவிட்டது.

நான் இன்னும் எதிராளியின் பாட்டைவிட்டு வெளியே வரவில்லை.

தலைமை வகித்தவர் மிகவும் அன்பாகச் சிரித்தார். மசோதாவுக்கு ஆதரவாக இதுவரை பேசியவர்களில் நீங்கள்தான் மனதைத் தொட்டீர்கள் என்றார். பட்டியலில் எதிர்ப்பு என்று இருக்கிறதே, பொத்தானை மாற்றி அழுத்திவிட்டீர்கள்போல, பரவாயில்லை, எழுத்தர் திருத்திவிடுவார் என்றார். எழுத்தர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். சுகன்யா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். இத்தனை மைல் கார் ஓட்டிவந்து, பெற்ற மகளுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினார். வெயிலில் காய்ந்த முகம், சோளக்காட்டு விவசாயி என்று பார்த்தாலே தெரிந்தது. மசோதாவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். உறுப்பினர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற நேரம் கணக்கில் வராதாம், அது எனக்கு அப்போது தெரியாது.

"நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள், அம்மா. ஒன்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். நீங்கள் ஆதரவுதானே?"

"இல்லை, ஐயா. எதிர்ப்பு. இவ்வளவு நேரம் நான் பாடியது உங்கள் பாட்டு. என் பாட்டு இனிமேல்தான்."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அறை முழுவதும் சிரித்தது. அந்த விவசாயிதான் அதிகம் சிரித்தார். "அப்படியானால் பாடுங்கள்" என்றார்.

ஒரு கட்சி மட்டும் பாடிய வருடத்தைச் சொன்னேன். மாமா இறங்கியதையும் மாலை போட்டதையும் சொன்னேன். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம் ஐயா, ஆனால் எதிரே ஆள் இல்லாமல் ஜெயித்தால் உங்கள் பிள்ளைகளே கொட்டாவி விடுவார்கள் என்றேன். இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்ததோ தெரியாது. அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தர் விசைப்பலகையைத் தள்ளிவைத்தார்.

காருக்குள் ஏறியதும் சுகன்யா, "என் உயிரே போயிருச்சும்மா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினாள். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தோம்.

6

என் பேச்சால்தான் மசோதா செத்தது என்று எழுத எனக்கு ஆசைதான். தம்பி அக்கரப்பத்தனையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான், கேட்டால் நம்பாதீர்கள். எவ்வளவோ ஆசிரியர்கள் பேசினார்கள், வழக்கறிஞர்கள் பேசினார்கள், வழக்கு வந்தால் செலவு யார் தலையில் என்று கணக்குப் பார்த்தவர்களும் இருந்தார்கள். வாக்கெடுப்புக்கே விடாமல் கமிட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். அந்த விவசாயி எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பார் என்று தெரியாமலே போயிற்று. அடுத்த வருடம் வேறு பெயரில் வரலாம் என்கிறாள் சுகன்யா. வரட்டும். இந்த வருடம் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நிறுத்திவைத்த பாடத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவள் ரயில் வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டு, செத்துப்போன மசோதாவையே விவாதத்துக்கு எடுத்தாள். எப்படிப்பட்ட பிடிவாதம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது ஒரு சிக்கல் என்றாள்.

"மசோதாவுக்கு ஆதரவா பேச ஒரு பிள்ளையும் வரமாட்டேங்குது. எல்லாம் என்னைய சந்தோசப்படுத்தப் பாக்குதுங்க. நீங்க வாங்கம்மா."

"எதுக்கு?"

"ஆதரவா பேசத்தான். உங்கள மாதிரி யாருக்கு வரும்?"

அவர் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். "இப்பத்தான அதைக் கொன்னீங்க ரெண்டு பேரும்?" என்றார். ஆனால் மறுநாள் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். வகுப்பின் கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவும் செய்தார்.

நான் மனதார, எதையும் ஒளிக்காமல் அந்தக் கட்சியைப் பேசினேன். பிள்ளைகளைப் பெற்றவளின் பயத்தை எல்லாம் கொட்டினேன். முடித்தபோது வகுப்பு அடங்கிவிட்டது. ஆசிரியையின் அம்மா, வயதானவள், வெளிநாட்டுக்காரி. எதிர்த்துப் பேசுவதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு நூறு தயக்கம். சுகன்யா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டுத் திரும்ப வாங்கிய பாடத்தில் ஒரு வாய்கூடத் திறக்காவிட்டால் எதற்காக வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் கையைத் தூக்கி எழுந்து நின்றாள். மெலிந்த பெண், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

"மன்னிக்கணும், மிஸஸ் மாரிமுத்து. நீங்கள் சொன்னது தவறு" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் உட்காரவில்லை. "ஏன் என்று சொல்கிறேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சொல்லும்மா" என்றேன், தமிழிலேயே.